பக்கத்துச் சக்கரம்

விமானம் ஓடுபாதையில் நின்று ஒரு மணி பத்து நிமிடம் ஆகியிருந்தது. இறங்கும்போது ஒரு டயர் வெடித்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. உள்ளே நூற்றுச்சொச்சம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் காத்துவின் அண்ணன்.

காத்து என்பது பணிமனையில் வைத்த பெயர். விமான டயர்களுக்குக் காற்றடிப்பது அவன் வேலை. "அது காற்று இல்லை, நைட்ரஜன்" என்று சேர்ந்த புதிதில் ஒருமுறை திருத்தினான். அன்றோடு பெயர் நிலைத்துவிட்டது.

இன்று அவனுக்கு லீவு. அண்ணனை அழைத்துப்போக வந்திருந்தான். முந்தின நாள் சாயங்காலம் அப்பா இறந்துவிட்டார். அண்ணனுக்கு அது தெரியாது. காரில் ஏறியதும் கையைப் பிடித்துக்கொண்டு தானே சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தான். அண்ணனுக்கு முன்னால் வேறு யாரிடமும் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அதனால்தான் சூப்பர்வைசரிடம் மாட்டிக்கொண்டான்.

"லீவு போட்டுட்டு இங்க என்னய்யா பண்ற?"

"அண்ணன் வர்றார் சார்."

"எதுல?"

காத்து கண்ணாடிக்கு வெளியே காட்டினான்.

"நல்லதாப் போச்சு. ரெண்டு பேர் வரலை. உங்க அண்ணன் சக்கரத்தை நீயே வந்து பாரு."

மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினான்.

சக்கரங்கள் சூடாக இருந்தன. தீயணைப்பு வண்டி ஒன்று பக்கத்தில் காத்திருந்தது. சூட்டை அளக்கும் கருவியை நீட்டியபோது பையில் ஃபோன் அடித்தது.

"டேய், டயர் வெடிச்சிருச்சாம். இறக்கிவிட மாட்டேங்கறாங்க. அப்பா எப்படி இருக்கார்?"

"தூங்கறார்ண்ணா."

"நீ எங்க இருக்க?"

"அவர் பக்கத்துலதான்."

தீயணைப்பு வண்டி ஒருமுறை அலறி அடங்கியது.

"என்னடா சத்தம்?"

"டிவி."

"டிவியா? என் பேரை எடுத்தியா?"

காத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனும் அப்பாவும் பேசி எட்டு வருஷம். வீட்டில் யாராவது அண்ணன் பேரை எடுத்தால் அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டிவிடுவார். நேற்று ராத்திரி, "அப்பாவுக்கு முடியலை, கிளம்பி வா" என்றபோது, "நான் வந்தா அவருக்கு இன்னும் முடியாமப் போகும்டா, வேண்டாம்" என்றார் அண்ணன். வேறு வழி தெரியாமல், "அப்பாதான் உன்னைக் கூப்பிடச் சொன்னார்" என்று சொல்லிவிட்டான். இணைப்பு போய்விட்டதோ என்று நினைக்கிற அளவுக்கு அண்ணன் பேசாமல் இருந்தார். பிறகு "வர்றேன்" என்றார்.

"இல்லண்ணா. நியூஸ் பாக்கறார்."

"தூங்கறார்னியே?"

"இப்பதான் முழிச்சார்."

"அப்ப ஃபோனைக் குடு."

"பல் தேய்க்கறார்."

"நியூஸ் பாத்துக்கிட்டேவா?"

காத்து நெற்றியைத் துடைத்தான்.

"காத்து! பேசினது போதும், இங்க வாய்யா!" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

"யாருடா காத்து கேக்கறது?"

"அப்பாதான். ஜன்னலைத் திறக்கணுமாம்."

அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"இங்க என் ஜன்னலுக்குக் கீழ ஒருத்தன் நிக்கறான்டா. மஞ்சச் சட்டை. உன்னை மாதிரியே ஒரு காலைச் சாய்ச்சுக்கிட்டு."

காத்து சட்டென்று காலை நேராக்கினான்.

"இப்ப நேரா நிக்கறான்."

காத்து ஓடிப்போய்ச் சக்கரங்களுக்குப் பக்கவாட்டில் ஒளிந்தான். சூப்பர்வைசர் பாய்ந்து வந்து சட்டையைப் பிடித்து முன்பக்கமாக இழுத்தார்.

"சாகப் போறியா? பக்கவாட்டுல நிக்காதேன்னு நீதானே புதுசா வர்றவங்களுக்குச் சொல்லித் தர்ற?"

"அந்தச் சக்கரம் நல்லாத்தானே சார் இருக்கு?"

"பாக்க நல்லாத்தான் இருக்கும். ஒண்ணு போனா அதோட பாரத்தையும் பக்கத்துச் சக்கரம்தான் சுமக்குது. எப்ப வெடிக்கும்னு யாருக்குத் தெரியும்?"

ஃபோன் இன்னும் கையில் இருந்தது. காத்து ஜன்னலுக்குத் தெரியாமல் விமானத்தின் வயிற்றுக்கு அடியில் குனிந்து, முன்பக்கமாகத் திரும்பி நின்றான்.

"அண்ணா, இருக்கியா?"

"இருக்கேன். அப்பா வேற என்னடா கேட்டார்?"

"நீ எப்ப வருவேன்னு."

"வேற?"

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று தோன்றியது. நிறுத்த முடியவில்லை.

"நீ இளைச்சுட்டியான்னு கேட்டார்."



"இளைக்கலைன்னு சொல்லு."

"சொல்றேண்ணா."

"இப்பவே சொல்லு. நான் கேக்கறேன்."

காத்து ஃபோனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தான். எதிரே வெறும் ஓடுபாதை.

"அப்பா, அண்ணன் இளைக்கலையாம்ப்பா."

சூப்பர்வைசர் அவனை ஒரு மாதிரி பார்த்தார்.

சூடு இறங்கியது. படிக்கட்டு வண்டி வந்தது. பயணிகள் ஒவ்வொருவராக இறங்கிப் பேருந்தில் ஏறினார்கள். இனி ஒளிய இடமில்லை. காரும் இல்லை, கையைப் பிடிக்கிற தனிமையும் இல்லை. இந்த மஞ்சள் சட்டையோடு, இத்தனை பேர் நடுவில்தான் சொல்லியாக வேண்டும். முதல் வார்த்தை என்ன என்று தேடிக்கொண்டு படிக்கட்டின் அடியில் நின்றான்.

கைப்பையை மார்போடு அணைத்தபடி ஒரு பருத்த அம்மாள் இறங்கி வந்தாள். அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு நின்றாள்.

"ஒரு காலைச் சாய்ச்சு நிக்கற தம்பி நீங்கதானே? நான் உங்க அண்ணனுக்குப் பக்கத்து ஸீட்டு. முகத்தைக் கழுவிட்டு வர்றேன்னார்."

"நீங்க அவர்கிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்கம்மா, நானே சொல்லணும். அவருக்கு இன்னும் தெரியாது."

அந்த அம்மாள் அவன் தோளில் கை வைத்தாள்.

"அப்பா கூப்பிட்டார்னு நீங்க சொன்னீங்களாமே, அப்பவே தெரிஞ்சுபோச்சாம், அப்பா போயிட்டார்னு. இருந்தாலும் நீங்க சொல்லச் சொல்லக் கேக்க ஆசையா இருந்துச்சாம்."