கவிழ்ந்து எழும் வித்தை

அது ஐம்பத்தெட்டா ஐம்பத்தொன்பதா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அழகர்சாமியே வருஷத்தை மாற்றி மாற்றிச் சொல்வான். ஆடி மாதம் என்பது மட்டும் சரி. அம்மா மண்டபத்துப் படித்துறையில் காவிரி நிறைந்து போனது. மூன்றாவது தடவையாக அவனைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டிருந்தார்கள்.

"விடுங்கய்யா! நான் முழுகலே. வேணும்னுதான் கவுந்தேன்!"

"வேணும்னா?" பூக்காரி வேலம்மாள் மாரில் கை வைத்தாள். "பாவி மனுஷா, வீட்ல அப்படி என்ன சண்டை?"

சண்டை ஒன்றுமில்லை. கொச்சியில் கடற்படைச் சமையல்கட்டில் இருந்தபோது அவன் கற்றுக்கொண்ட வித்தை அது. கற்றுக்கொண்டது என்றால், பார்த்தது. ஒடுக்கமான படகு, மேலே மூடியிருக்கும். நடுவே உள்ள ஓட்டையில் இடுப்புவரை நுழைந்து, தண்ணீர் புகாமல் கித்தான் பாவாடை ஒன்றைக் கட்டிக்கொள்ள வேண்டும். கவிழ்ந்தால் தலைகீழாகத் தொங்கியபடியே துடுப்பை வீசி உருண்டு எழலாம். முடியாவிட்டால் முன்னால் இருக்கும் நாடாவை இழுத்தால் பாவாடை அவிழும், நழுவி வந்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை பம்பாயிலிருந்து ஆள் எடுக்க ஓர் அதிகாரி வருகிறார். அவர் முன்னால் செய்து காட்டிவிட்டால் அங்கே கடலில் வேலை. வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த அழகர்சாமிக்கு வேறு போக்கில்லை. பலகை வாங்கிப் படகைக்கூடச் செய்துவிட்டான். ஆனால் பழகத்தான் முடியவில்லை. ஒருவன் தலைகீழாகத் தண்ணீருக்குள் போவதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க ஸ்ரீரங்கத்தில் யாருக்கும் மனசு வரவில்லை.

அன்று இழுத்த இழுப்பில் பாவாடையும் கிழிந்துபோயிற்று. மனைவி மயிலம்மாள் அதை மடியில் போட்டுக்கொண்டு தைத்தாள்.

"பம்பாய்க்குப் போயே ஆகணுங்களா?"

"கடல் மயிலு! நீ மருங்காபுரிக்காரி, கிணத்தைத் தவிர என்ன கண்டே?"

"கடல்ல கவுந்தா?"

"அதுக்குத்தான் நாடா. ஒரே இழுப்பு, அவுந்துடும்."

மயிலம்மாள் நாடாவை விரலில் சுற்றி இழுத்துப் பார்த்தாள். அப்புறம், "நாடா இத்துப்போச்சுங்க. கயிறு வச்சுத் தைக்கிறேன்" என்றாள்.

"கெட்டியா வை."

"வைக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை நாற்காலி போட்டு அதிகாரியை உட்கார வைத்தார்கள். அழகர்சாமி கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டான்.

"சாமிகளா, இன்னைக்கு யாரும் தண்ணியில எறங்கக் கூடாது. நான் கத்தினாலும் எறங்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"அரங்கன்மேல சத்தியம்!" என்றாள் வேலம்மாள். கூட்டமும் சொல்லிற்று. மயிலம்மாள் மட்டும் கடைசிப் படியில் பூசணிக்காயும் கத்தியுமாக உட்கார்ந்திருந்தாள், திருஷ்டி கழிக்க.

கவிழ்ந்தான். துடுப்பை வீசினான். பாதி எழுந்து மறுபடி போனான். இரண்டாவது வீச்சில் துடுப்பு கையை விட்டு ஆற்றோடு போயிற்று. கயிற்றை இழுத்தான். அது அவிழவில்லை, இறுகிற்று. இன்னும் இழுத்தான், இன்னும் இறுகிற்று. படகின் விளிம்பைப் பற்றி எம்பி ஒரு கணம் முகத்தை வெளியே நீட்டினான்.

"காப்பாத்துங்க!"

"நெசமாவே கத்துற மாதிரி இருக்குல்ல?" என்றாள் வேலம்மாள். எல்லாரும் கை தட்டினார்கள். அதிகாரியும் தட்டினார்.

சொன்ன சொல் தவறாத ஜனங்கள் இந்த ஊரில் இத்தனை பேரா என்று திகைத்துக்கொண்டே அவன் மறுபடி உள்ளே போனான்.

அப்போதுதான் மயிலம்மாள் குதித்தாள். ஆழக் கிணறுகளில் குதித்து வளர்ந்தவள். கத்தியோடு முங்கி, கயிற்றை அறுத்து, புருஷனைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியேறினாள். அதிகாரி குடையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

அதன்பின் அழகர்சாமி துறையூரில் சைக்கிள் கடை வைத்துச் சௌகரியமாகவே இருந்தான். படகு மருங்காபுரியில் மாமனார் வீட்டு மாடுகளுக்குத் தொட்டியாயிற்று. வேலம்மாள் கடைசிவரை அதே படித்துறையில் பூ விற்றாள். எனக்கு உயிர் கொடுத்த தெய்வம் என்றுதான் அழகர்சாமி சாகும்வரை பெண்டாட்டியைப் பற்றிச் சொன்னான்.

அன்று படித்துறையில் ஜெகபர் அலி அவளிடம் கேட்டது அவனுக்குத் தெரியாது. காது நிறையத் தண்ணீர். ஜெகபர் அலிக்குக் காந்தி மார்க்கெட்டில் கத்திக் கடை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஈரப் புடவையோடு நின்றவளிடம் அக்கறையாக விசாரித்தார்:

"ஏம்மா, நனைஞ்ச கயித்தைத் தண்ணிக்குள்ளயே அறுக்கணும்னு நேத்து கேட்டு வாங்கிட்டுப் போனீங்களே, கத்தி நல்லா அறுத்துச்சா?"