ஒழுகாத டாங்கி

"இன்னைக்கும் பாதிதான் சார் கெடக்கு" என்று கரீம் பாட்சா போனில் சொன்னபோது அனந்தநாராயணன் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். நுரையைத் துப்பிவிட்டு, "வரேன்" என்றார். வேறு என்னதான் சொல்வது?

பம்பாய் செம்பூரில் ஒரு சின்ன லூப்ரிகண்ட் கம்பெனியில் அவர் கெமிஸ்ட். ஹைட்ராலிக் பிரஸ்ஸை ஓட்ட எண்ணெய்க்குப் பதிலாகத் தண்ணீரில் கலந்த ஒரு திரவத்தைப் பல வருடமாகக் கிண்டிக்கொண்டிருந்தார். தீப்பிடிக்காது. சாக்கடையில் கலந்தாலும் கெடுதல் இல்லை. ஓட்டிப் பார்க்கத் தாராவியில் கரீம் பாட்சாவின் தோல் பை பட்டறை கிடைத்தது. உள்ளே ஆள் திரும்பவே இடமில்லாததால், திரவம் இருக்கும் டாங்கியை வெளியே சந்தில் வைத்து, ஹோஸை மட்டும் பிரஸ்ஸுக்கு இழுத்திருந்தார்கள்.

மாத முடிவுவரை பிரஸ் ஒழுங்காக ஓடினால் திரவம் விற்பனைக்குப் போகும். இல்லாவிட்டால் லேபை மூடிவிட்டு அவரைக் குஜராத்தில் இருக்கும் வாப்பி ஃபாக்டரிக்கு மாற்றுவதாக மேனேஜர் குல்கர்னி ரொம்ப அன்பாகச் சொல்லியிருந்தார்.

"வாப்பிக்கு நீங்க மட்டும் போங்கோ" என்றாள் மனைவி உஷா. "பொண்ணு பன்னெண்டாவது. நான் திலக் நகரை விட்டு நகர மாட்டேன்."

"தனியா நான் என்னத்தைச் சாப்பிடுவேன்?"

"உங்க திரவத்துல கெடுதலே இல்லைங்கறேளே."

அனந்தநாராயணன் டிபனைத் தொடாமல் கிளம்பினார்.

சந்தில் மண்டியிட்டு, டார்ச் அடித்து, டாங்கியைச் சுற்றிலும் தடவிப் பார்த்தார். எங்கும் சொட்டு ஈரமில்லை. சாம்பிள் எடுப்பதற்காக டாங்கியின் அடியில் அவரே வைத்த குழாயும் இறுக்கமாகத்தான் மூடியிருந்தது.

"ராத்திரி யாராவது எடுத்திருப்பாளோ?"

கரீம் பாட்சா சிரித்துவிட்டார். "ஆயிலுன்னா தூக்குவான் சார். இத கொண்டுபோயி எவன் என்ன செய்யப் போறான்?"

திரவம் குறைந்ததைவிட இந்தப் பதில்தான் அவரை அதிகம் வருத்தியது. சரி, தண்ணீர் ஆவியாகிறது என்று முடிவு கட்டினார். மூடியை இறுக்கினார். வழவழப்பு கூடட்டும் என்று கலவையைக் கெட்டியாக்கினார். டாங்கியை முட்ட முட்ட நிரப்பினார். கொஞ்சம் பிடித்து விரலில் தேய்த்துப் பார்த்து, வழக்கம்போல அங்கேயே நுரை போகக் கையை அலம்பிக்கொண்டு வீடு திரும்பினார்.

மறுநாள் இன்னும் குறைந்திருந்தது.

அப்படியானால் பிரஸ்ஸின் ரப்பர் சீலில்தான் கசிவு. பிரஸ்ஸை நிறுத்தி எல்லா சீலையும் மாற்றினார். அதற்குள் கரீம் பாட்சாவின் ஆர்டர் ஒன்று பக்கத்துப் பட்டறைக்குப் போய்விட்டது.

"பரவால்ல சார்" என்றார் அவர். குரலில் பரவாயில்லை இல்லை.

திரவம் குறையக் குறைய பம்ப் காற்றை இழுத்தது. பிரஸ் தோலை வெட்டுவதற்குப் பதில் மெல்லத் தடவிக்கொடுத்தது. மிச்சத் திரவம் நாறவும் ஆரம்பித்தது. சாக்கடைக்குக் கெடுதல் இல்லாத திரவத்தில் கிருமிகளும் சந்தோஷமாகத்தான் இருக்கும். கடுமையான மருந்து போட அவருக்கு மனசு வரவில்லை. எலுமிச்சம்புல் தைலம் கலந்தார். சந்து முழுக்க மணத்தது.

அடுத்த நாள் காலையில் டாங்கியின் அடித்தட்டு தெரிந்தது.

அனந்தநாராயணன் பட்டறை வாசலில் உட்கார்ந்துவிட்டார். அழலாம் போலிருந்தது, அதற்கும் தெம்பில்லை.

இதற்கு நடுவில் சந்துக்காரர்களின் மரியாதை வேறு. அவர் வந்தாலே முக்காலி போட்டார்கள். எதிர்வீட்டு ரஷீதா வீட்டிலேயே பைகளுக்கு சொல்யூஷன் தடவி லைனிங் ஒட்டுபவள். அவள் தினமும் டீ கொடுத்தனுப்பினாள். "அல்லா ஒங்களுக்கு பரக்கத் தருவான் சார்" என்று ஒரு கிழவர் கையைப் பிடித்துக்கொண்டார். தோற்றுக்கொண்டிருப்பவன் மேல் ஊருக்கே இரக்கம் என்று நினைத்தார் அனந்தநாராயணன். அந்த டீ அவருக்கு இறங்கவில்லை.

கடைசி முயற்சியாக ஒரு டிரம் நிறையக் கொண்டுவந்து ஊற்றினார். அதுவும் போயிற்று. குல்கர்னி போன் செய்தார்.

"அனந்த்ஜி, பஸ் ஹோ கயா, போதும். தண்ணி ஆவியாறதை நிறுத்த முடியலைன்னு ரிப்போர்ட் எழுதிடுங்க. வாப்பியில கிளைமேட் நல்லா இருக்கும்."

சனிக்கிழமை, விடியும் முன்பே, டாங்கியை எடுத்துப்போக டெம்போ வந்தது. கரீம் பாட்சா அவசரமாக வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மனசுல வச்சுக்கிடாதீய சார். என் மிசினுக்கு ராசி இல்ல."

"உங்க மேல தப்பில்லை, பாய். என் சரக்கு சரியில்லை." இத்தனை வருட வேலையை மூன்றே வார்த்தையில் முடித்துவிட்டாரே.

டாங்கியை டெம்போவில் ஏற்றினார்கள். அப்போது ரஷீதாவும் பின்னால் ஏழெட்டுப் பெண்களும் காலி வாளிகளோடு வந்து நின்றார்கள். டெம்போவைப் பார்த்ததும் ரஷீதாவின் முகம் வாடிவிட்டது.

"வருத்தப்படாதம்மா" என்றார் அனந்தநாராயணன். "என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

"இதுக்கு மேல ஒரு மனுசன் என்ன செய்வான் சார்?" என்றாள் ரஷீதா. "நாங்க தெனம் விடியமுன்ன கை கழுவவும் துணி தொவைக்கவும் இந்த சோப்புத் தண்ணிய வாளி வாளியாப் புடிச்சிட்டுப் போனாலும், மூஞ்சி சுளிக்காம திரும்பத் திரும்ப நெறச்சு வச்சது இந்த பம்பாயிலயே நீங்க ஒருத்தருதான்."