கண் திறந்த கார்

உ
திருமயம், 1938 வைகாசி

விராலிமலை மகாராஜராஜஸ்ரீ அத்தான் கண்ணுசாமி அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் சோலையப்பன் அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என் சம்சாரம் அழகம்மாள், மணப்பெண் பிரகதாம்பாள், மாடு கன்று எல்லாரும் க்ஷேமம். அப்பாவின் கார் க்ஷேமமா என்றுதான் சொல்லத் தெரியவில்லை.

அப்பா திருச்சி ரயில்வேத் துரையிடம் வாங்கி, ஊர்க் கோழிகளெல்லாம் கதிகலங்க ஓட்டிய அந்த ரெண்டு ஸீட் ரேஸ் காரிலேதான் உங்கள் மகன் சேவுகன் மாப்பிள்ளை அழைப்புக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாளே, அந்தப் பயத்தில்தான் பத்து வருஷமாய் வைக்கோல் கொட்டகையில் கிடந்ததைத் தள்ளிக்கொண்டு வந்தேன். மெக்கானிக் இன்னாசி அதன் அடியிலேயே குடியிருந்து எலிக்கூடாக அள்ளிப் போட்டான். எல்லாம் சரியாச்சு, முன் விளக்கு ரெண்டும்தான் இல்லை. இந்தக் காருக்கு விளக்கு சீமையிலேயே கிடைக்காது என்று மதராஸ் கடைக்காரன் எழுதிவிட்டான். சரி, மண்ணிலே கூடு செய்து உள்ளே கண்ணாடிச் சில்லு பதித்தால் போச்சு என்று நம்ம குயவர் சின்னப்பிள்ளை வேளாரைக் கூப்பிட்டேன். அவர் அய்யனார் கோயில் புரவி எடுப்புக்கு மண்குதிரை செய்துகொண்டிருந்த சமயம் அது. புத்தி கெட்ட நான் அதை யோசிக்கவில்லை.

விளக்கு மாட்டின அன்று வேளார் ஒரு சேவல் கேட்டார். கூலியோடு குழம்புக்கும் கேட்கிறார் என்று அழகம்மாள் பிடித்துக் கொடுத்தாள். மனுஷன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே கொண்டையைக் கீறி, ரெண்டு விளக்கிலும் ரத்தப் பொட்டு வைத்து, மையாலே கருவிழி எழுதி, மண்குதிரைக்குச் செய்கிற மாதிரியே கண்ணைத் திறந்துவிட்டார். எல்லாம் கைப்பழக்கம். கண் திறந்ததும் முதல் பார்வை மனுஷன்மேல் படக்கூடாது, பட்டால் அது அந்த ஆளை விடாது என்று ஊருக்கே தெரியும். ஆனால் வேளார் கையை எடுத்ததுதான் தாமதம், கார் பார்க்க வந்திருந்த சேவுகன் குனிந்து அந்தச் சில்லிலே முகம் பார்த்துத் தலை சீவினார்.

மறுநாள் உச்சிப்பொழுதுக்குக் கோயில் மணி அடிச்சுதோ இல்லையோ, கார் தானே உறுமுது அத்தான். பெட்ரோல் இன்னும் ஊத்தவே இல்லை. தெருவைப் பார்க்க நிறுத்தினா, காலையிலே கோயிலைப் பார்த்து நிக்குது. மாட்டுக்கு ஊறவச்ச கொள்ளு தொட்டியோட காலி. எஞ்சின் மூடியைத் தொட்டா வெயில் சூடு இல்லை, உடம்புச் சூடு. இன்னாசி காதை வச்சுக் கேட்டான், சிலுவை போட்டுக்கிட்டான். “இதுக்கு இனிமே பெட்ரோல் வேணாங்க, கொள்ளு வைங்க”ன்னு சொல்லிட்டு ஸ்பானரைக்கூட எடுக்காமப் போயிட்டான். வேளாரைப் போய்த் திட்டினேன். அவர் கையிலிருந்த மண்ணைப் போட்டுட்டு எழுந்தார்.

“கண்ணத் தெறந்துட்டேங்க. இனி அது ஒங்க காரு இல்லை, அய்யனாரு குருதை. ஏறுன ஆளு எறங்க முடியாது.”

அதிலே என் ஒரே மகளோட மாப்பிள்ளையை எப்படி ஏத்துவேன்? சக்கரம் நாலையும் கழற்றி என் கட்டிலுக்கடியில் போட்டுவிட்டேன். காரைக் கல்லின்மேல் உட்கார வைத்து வேப்பமரத்தோடு சங்கிலி போட்டாச்சு. இனி அது ஒரு அடி நகராது, நீங்கள் நிம்மதியாய் இருங்கள். மாப்பிள்ளை வில்வண்டியில் வரட்டும், நல்ல காளையாய் நானே அனுப்புகிறேன். அக்காவிடம் பக்குவமாய்ச் சொல்லி, முகூர்த்தத்தை மட்டும் மாற்றாமல் காப்பாற்ற வேண்டும்.

சேவுகனுக்குத் தீர்க்காயுசும் சகல சௌபாக்கியமும் உண்டாக, அய்யனாரைத் தவிர மற்ற எல்லாத் தெய்வங்களையும் வேண்டிக்கொள்ளும்,

மைத்துனன்
சோலையப்பன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும் முன்னே வேப்பமரத்தடிக்குப் போனேன். சங்கிலி மரத்திலே பூட்டினபடியே கிடக்கு. சக்கரம் நாலும் கட்டிலுக்கடியிலேதான் இருக்கு. காரைக் காணோம். நேத்துப் பெய்த மழை ஈரத்திலே ஆழமாய்க் குளம்புத் தடம் போகுது. அது கோயில் பக்கம் போகலை அத்தான், விராலிமலை ரோட்டிலே போகுது. இதை முதல் பஸ் டிரைவர் கையிலே கொடுத்தனுப்புறேன், எது முந்தி வருமோ தெரியாது. அக்காகிட்ட இனி வில்வண்டிப் பேச்சு எடுக்க வேண்டாம், அவ கேட்ட கார் வந்துக்கிட்டிருக்கு. வாசல்லே ஹாரன் கேட்டா, சேவுகனை மட்டும் வெளியே விடாதீங்க.