தேங்காய் உடைத்த கண்ணாடி

‘சரி’ என்ற சொல்லை ஆயுளில் ஒருமுறைகூட வாயால் சொல்லாத மனிதர் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் எதிர்வீட்டு டாக்சிக்காரர்தான். தாலி கட்டச் சொன்னபோதுகூட முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் கட்டினார் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். நான் அந்தக் கல்யாணத்துக்குப் போனதில்லை. ஆனாலும் நம்புகிறேன். தமிழ் வீடுகளில் அவருக்குப் பெயர் ‘முடியாது அண்ணன்’. மலையாளிகள் அதையே தங்கள் பாஷையில் ‘பற்றில்ல சேட்டன்’ ஆக்கிவிட்டார்கள். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

முடியாது என்றால் செய்யமாட்டார் என்று அர்த்தமில்லை. ஒரு மத்தியானம் என் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. நான் ஓடிப்போய் வண்டி வேண்டும் என்றேன். முடியாது, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்றவர், மீன்குழம்பு வழியும் கையோடு எழுந்துவந்து வண்டியைக் கிளப்பினார். கை கழுவியது ஆஸ்பத்திரி வாசலில். வெறும் வாயுத்தொல்லை என்று டாக்டர் சொன்னதும் அப்பாவை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அப்பாவுக்கு அந்தப் பார்வையிலேயே வாயு இறங்கிவிட்டது. ஆனால் உண்மையான முடியாதும் அவரிடம் உண்டு. வெள்ளைக்காரர்களை எங்கள் கடைக்குக் கூட்டிவா, கமிஷன் தருகிறோம் என்று போர்ட் கொச்சிக் கடைக்காரர்கள் எத்தனையோ பேர் கெஞ்சியிருக்கிறார்கள். ஒருவரும் அவரை அசைத்ததில்லை.

அவருக்கு உயிர், வண்டியின் முன்கண்ணாடி. ஸ்டிக்கர் ஒட்டக்கூடாது. டாஷ்போர்டில் சாமி படம் வைக்கக்கூடாது, கண்ணாடியில் நிழல் விழும். அவர் மனைவி மாரியக்கா கட்டிவிடும் எலுமிச்சம்பழம்கூட பம்பருக்குக் கீழேதான் தொங்கும். காலையில் பழைய வேட்டித் துணியால் அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தால் நாங்கள் இரண்டாவது சாயா குடித்து முடிக்கும்போதுதான் நிறுத்துவார். மீன்காரம்மா ஒருத்தி அதில் கண்ணாடி இருப்பதே தெரியாமல் கையை நீட்டி அவருக்கு மத்தியைக் கொடுக்கப் பார்த்தாள். மத்தி கண்ணாடியில் மோதியது. அன்று சாயங்காலம்வரை அவர் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவரின் கண்ணாடிதான் ஓர் ஆயுத பூஜையன்று உடைந்தது.

அதற்குச் சில நாள் முன்பு இடக்கொச்சிப் பக்கம் ஒரு மீன் லாரி அவர் வண்டியை உரசிக்கொண்டு போயிருந்தது. மயிரிழை. கதவில் ஒரு கோடு விழுந்ததோடு சரி. அவர் வீட்டுக்கு வந்து இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கப்பைக்கிழங்கு சாப்பிட உட்கார்ந்துவிட்டார். மாரியக்காதான் உடனே சாமி மாடத்துக்கு ஓடினாள். பூஜையன்று வண்டிக்கு முன்னால் தானே தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டாள். சிதறு தேங்காய் சில்லுச் சில்லாகச் சிதறினால்தான் கண்டம் கழியும் என்பது எங்கள் ஆட்களின் கணக்கு. ஆகவே அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தேங்காயைத் தலைக்குமேல் மூன்று சுற்றுச் சுற்றி, முழு பலத்தையும் திரட்டி வாசல் கல்லில் எறிந்தாள்.

தேங்காய் உடையவில்லை. கல்லில் பட்டு எகிறி நேராகப் போய்க் கண்ணாடியில் விழுந்தது. கண்ணாடி ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை கீறல் விட்டு விரிந்தது. தேங்காய் உருண்டு வந்து என் காலடியில் நின்றது. எடுத்துப் பார்த்தேன், அதற்கு ஒரு கீறல் இல்லை.

அண்ணன் கண்ணாடியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அக்காவின் முகம் செத்துப்போயிருந்தது. அவர் என் கையிலிருந்த தேங்காயை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அக்கா அன்றைக்கே அழுது முடித்திருப்பாள்.

மறுநாள் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வந்தார். நல்ல பையன், மலையாளி. கவலையே வேண்டாம் சேட்டா, கண்ணாடிக்குத் தேய்மானம் என்று பணம் பிடிக்கமாட்டார்கள், கம்பெனி கண்ணாடியே கிடைக்கும், லாரி டயரிலிருந்து கல் தெறித்தது என்று எழுதிவிடுவோம் என்றார். கொச்சியில் எல்லார் வண்டிக் கண்ணாடியும் லாரிக் கல் பட்டுத்தான் உடையுமாம். தேங்காய் என்று எழுதினால் மேலிடத்தில் நூறு கேள்வி வருமாம்.

“கல்லு தெறிச்சது எந்த லாரிலேர்ந்து? அப்படி ஒரு லாரியே இல்ல. இல்லாத ஒருத்தன் மேல பழி போட என்னால முடியாது. தேங்கானு எழுது.”

ஏஜென்ட் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

அடுத்து சர்வேயர் வந்தார், சேதத்தைப் பார்த்து அறிக்கை கொடுப்பவர். தேங்காயை வேண்டுமென்றேதானே எறிந்தீர்கள், அப்படியானால் இது விபத்தே இல்லையே என்றார். தேங்காயை வேண்டுமென்றுதான் எறிந்தோம், கண்ணாடி மேல் வேண்டுமென்று எறியவில்லை என்றார் அண்ணன். இந்த ஒரு வாக்கியத்தை இருவரும் அரைமணி நேரம் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சர்வேயர், உரிமையாளரின் மனைவியுடைய கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார். அதைக் கேட்டதும் அண்ணனின் காது சிவந்தது. அந்த அறிக்கையை ஒத்துக்கொள்ளமாட்டேன் என்று ஆபீசுக்குப் போன் போட்டுக் கத்தினார். கிளெய்ம் அப்படியே நின்றுபோனது.

டூரிஸ்ட் சீசன் நேரம் அது. உடைந்த கண்ணாடியோடு வண்டியை எடுக்கமாட்டார். சந்தையில் விலை குறைந்த டூப்ளிகேட் கண்ணாடி கிடைக்கிறது, இப்போதைக்குக் கைக்காசில் மாட்டிக்கொள் என்று பள்ளுருத்தியில் ஒரு கடைக்குத் தெருக்காரர்கள் கூட்டிப்போனார்கள். அண்ணன் அந்தக் கண்ணாடியை நிமிர்த்திப் பிடித்து அதன் வழியாகத் தெருவைப் பார்த்திருக்கிறார். கரண்ட் கம்பம் வளைந்து தெரிந்ததாம். பிறகு கடைக்காரரைப் பார்த்து, உங்களுக்கே வாய் கோணலா, இல்லை இந்தக் கண்ணாடிதான் காரணமா என்று கேட்டிருக்கிறார். அதோடு அந்தக் கடையும் போயிற்று.

அவருடைய பழைய சவாரிகள் ஒவ்வொன்றாக வேறு வண்டிகளுக்குப் போயின. ஒன்றும் செய்யாமல் நிற்கும் அந்த வண்டியைத் தாண்டித்தான் மாரியக்கா குழாயடிக்குப் போகவேண்டும். அவள் வேண்டுமென்றே சுற்றுவழியில் போக ஆரம்பித்தாள். சரியாகச் சாப்பிடுவதில்லை. தெருவில் யாராவது சும்மா சிரித்தால்கூடத் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று குறுகிப்போனாள். தேங்காயை எறிந்த கையை வெட்டிப்போடலாம் போலிருக்கிறது என்று என்னிடம் சொன்னாள். எனக்கு அண்ணன்மேல் அப்படியொரு கோபம். ஒரு பொய், அதுவும் ஊரே எழுதுகிற பொய், அதைச் சொன்னால் இவர் வாய் அழுகிவிடுமா?

அக்கா அவரிடம் கெஞ்சியபோது நானும் அங்கே இருந்தேன்.

“ஊர்ல எல்லாரும் எழுதுறதுதானே. எனக்காக எழுதிக் கொடுங்க.”

“உனக்காகத்தான் முடியாதுங்கறேன்” என்றார்.

அவளுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. மனிதனா இது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஆபீசிலிருந்து நேரில் வரச்சொன்னார்கள். இங்கிலீஷில் பேச ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிப்போனார். மேனேஜர் ஒரு மலையாளி அம்மா, பக்கத்தில் அந்தச் சர்வேயரும் இருந்தார். அம்மாவுக்குத் தமிழ் நன்றாகப் புரியும் என்று பிறகுதான் தெரிந்தது. நாங்கள் உட்கார்ந்ததும் அண்ணன் மஞ்சள் பையிலிருந்து அந்தத் தேங்காயை எடுத்து மேஜைமேல் வைத்தார். அத்தனை நாளும் சட்னிக்குக்கூடக் கொடுக்காமல் காப்பாற்றி வைத்திருந்திருக்கிறார். பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். எனக்கு மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

மேனேஜரம்மா பொறுமையாகத்தான் பேசினார். கவனக்குறைவு என்பது சும்மா ஒரு வார்த்தை, அதில் கையெழுத்துப் போட்டால் மேற்கொண்டு பார்க்கலாம், அல்லது கல் என்று புதிதாக எழுதிக் கொடுத்தாலும் போதும் என்றார். நான் இங்கிலீஷில் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் தமிழில் ஆரம்பித்துவிட்டார். வழக்கமான கத்தல் இல்லை.

“மேடம், பூஜைக்கு முன்னாடி ஒரு மீன் லாரி உரசிட்டுப் போச்சு, அது என்னை அடிச்சிருந்தா, இப்ப இந்த நாற்காலியில என் பொண்டாட்டி உக்காந்திருப்பா. நான் உயிரோட வந்துட்டேன்னுதான் அவ தேங்கா எறிஞ்சா. அம்புட்டு வேகமா எறிஞ்சாளே, அது கவனக்குறைவு இல்ல மேடம். அதைக் கல்லுனு எழுதினா அவ செஞ்சது இல்லாமலே போயிரும். ரெண்டையும் எழுத விடமாட்டேன். வண்டி நிக்கட்டும், பரவால்ல.”

மேனேஜரம்மா தேங்காயை ஒரு விரலால் லேசாக உருட்டினார். பாலிசித் தாளை எடுத்துக் கொஞ்ச நேரம் படித்தார். வெளியிலிருந்து தற்செயலாக ஏதாவது பட்டுச் சேதமானால் பணம் உண்டு என்றுதான் இதில் இருக்கிறது, கல் என்றோ தேங்காய் என்றோ இல்லை, தேங்காய் வெளியிலிருந்துதானே வந்தது என்றார் சர்வேயரிடம். சர்வேயர் பேனாவைத் திறந்தார். அறிக்கையில் கவனக்குறைவு அடிக்கப்பட்டது, தேங்காய் ஏறியது. கம்பெனி கண்ணாடிக்கே ஒப்புதல் கிடைத்தது. கண்ணாடியைச் சுற்றி வரும் ரப்பருக்கு மட்டும் பாதி நீங்கள் கட்டவேண்டும், அடுத்த வருஷம் பிரீமியத்தில் தள்ளுபடியும் கிடையாது என்றார். ரப்பருக்கு எதற்குப் பாதி என்று அண்ணன் அடுத்த சண்டைக்குத் தயாரானார். நான் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கண்ணாடி மாட்டிய அன்று, பசை காயும்வரை கதவை அடித்துச் சாத்தக்கூடாது என்று மாட்டியவர் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் நான்கு கதவையும் விரியத் திறந்துவைத்துவிட்டு, தெருமுனையில் நின்று, போகிற வருகிற ஸ்கூட்டர்களை எல்லாம் மெதுவாகப் போகச்சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார். மாரியக்கா வாசலோரம் ஒதுங்கி நின்றாள். ஆபீசில் அவர் என்ன சொன்னார் என்று என்னிடம் மெல்லக் கேட்டாள். அவரிடம் கேட்டதற்கு, ஒன்றும் சொல்லவில்லை என்றாராம்.

நான் அந்த நாற்காலியிலிருந்து ஆரம்பித்து, ஒரு சொல் விடாமல் சொன்னேன். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். குலுங்கிக் குலுங்கி அழுதாள். பிறகு முந்தானையை எடுத்துவிட்டுத் தெருமுனையில் சண்டை போட்டுக்கொண்டிருந்த அந்த மனிதரையே பார்த்தாள்.

“இன்னொரு தடவ சொல்லு” என்றாள்.

சொன்னேன். அதற்குப் பிறகும் பலமுறை கேட்டாள், பலமுறை சொல்லியிருக்கிறேன். எனக்கு இன்னும் அலுக்கவில்லை, அதனால்தான் உங்களிடமும் சொல்கிறேன்.