மூன்று புள்ளி

அரசர்கள் தங்கள் பெயரைக் கல்லில் வெட்டி, காலத்தையே கைகட்டி நிற்க வைத்த மண் எகிப்து. ஆயிரமாயிரம் ஆண்டு வெயிலிலும் மணலிலும் அந்தப் பெயர்களில் ஓர் எழுத்துகூட உதிரவில்லை.

குடிநீர் வாரியத் தலைவர் இஸ்மத் அல்-கர்நூபியின் பெயர் மட்டும் மூன்று புள்ளியாக முடிந்துபோயிருந்தது.

“இது என்ன?” என்று வரவேற்புக் கூடத்துத் தொடுதிரையைக் கைத்தடியால் சுட்டினார்.

திரையில் அதிகாரிகளின் பட்டியல் விரிந்திருந்தது. முதல் வரியில் ‘டாக்டர் பேராசிரியர் பொறியாளர் ஆலோசகர்…’ என்று இருந்தது. அதற்கப்பால் புள்ளிகள்.

“இடம் பத்தல பாஷா. பட்டம் முடியறதுக்குள்ள பெட்டி முடிஞ்சிடுது” என்றாள் நெர்மீன். வாரியத்தின் கணினிகளையெல்லாம் கட்டி மேய்க்கும் ஒப்பந்த ஊழியர். ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. அவளை நிரந்தரமாக்கும் உத்தரவு, எல்லாரும் மரியாதையாகப் ‘பாஷா’ என்றழைக்கும் தலைவரின் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது.

“ஹானியோட பேரு மட்டும் முழுசா தெரியுதே!”

கிளை அலுவலர் ஹானி தஅமிய்யா வடை வைத்த ரொட்டியை மென்றுகொண்டே சொன்னான்: “எங்கப்பா வெச்சது சின்னப் பேரு பாஷா. கூடச் சேத்துக்க எனக்கு ஒண்ணும் கிடைக்கல.”

“ஒரு பட்டத்தக் குறைச்சா…” என்று இழுத்தாள் நெர்மீன்.

“எந்தப் பட்டத்த?”

நெர்மீன் விசைப்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நாளைக்கு ஆளுநர் திறந்து வைக்க வர்றார், என்ஜினீயரம்மா. என் பேரு சரியா இருந்தா உன் உத்தரவுல கையெழுத்து இருக்கும். இல்லன்னா அதுலயும் மூணு புள்ளிதான்.”

அந்தத் தொடுதிரை இயந்திரம் ரமலானிலிருந்தே வேலை செய்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஆளுநர் ரிப்பன் வெட்டாதவரை, வாரியத்தின் கணக்கில் அது இன்னும் பிறக்கவில்லை. கர்நூபி அதை நேரில் பார்த்ததே அன்றைக்குத்தான். தனக்கு வரும் மின்னஞ்சலைக்கூட அச்சடித்து, உறையில் போட்டுத் தட்டில் வைத்துக் கொடுத்தால்தான் படிப்பார்.

நெர்மீன் பெட்டியை அகலப்படுத்தினாள். பெயர் முழுதாக வந்தது. வலப்பக்கம் இருந்த தலைப்பு திரையைவிட்டு வெளியே போனது.

“பாஷா, தலைப்பு போயிடுச்சு. அந்தப் பட்டியல் எதுக்குன்னா…”

“ஆளுநர் தலைப்பப் பாக்கவா வர்றார்? அடுத்தது, என் பேரு தடிமனா இருக்கணும்.”

பெயருக்கு இருபுறமும் தடிமனாக்கும் குறிகளைச் சேர்த்தாள். சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில், மனுக்கள் வரிசையாக ஓடும் காட்சியில், பெயர் கம்பீரமாகத் தடித்தது. பட்டியலில் தடிக்கவில்லை. பெயருக்கு முன்னும் பின்னும் கொக்கி கொக்கியாக ஏதோ முளைத்தது.

“என்னம்மா இது, விலங்கு மாட்டின மாதிரி?”

“சுவர்த்திரைக்கு அந்தக் குறி புரியும் பாஷா. பட்டியலுக்குப் புரியாது. குடுத்தத அப்படியே காட்டிடும்.”

“புரிய வை!”

பட்டியலுக்குப் புரிய வைக்க முடியாது என்பதைக் கர்நூபிக்குப் புரிய வைக்க முடியாது. கொக்கிகளை எடுத்துவிட்டு, பட்டியல் முழுவதற்கும் எழுத்தைப் பெரிதாக்கினாள். கர்நூபி திரையை நிறைத்தார். மற்ற அதிகாரிகள் எல்லாரும் அடிவிளிம்புக்குக் கீழே இறங்கிப் போனார்கள்.

“என்னக் காணோமே” என்றான் ஹானி.

“அதுதான் முறை” என்றார் கர்நூபி. முதல்முறையாகச் சிரித்தார். சிரித்த வேகத்தில் இன்னொரு யோசனையும் வந்துவிட்டது. “ஜனங்க விரலால தடவித் தேடிக் கஷ்டப்படக் கூடாது. திரையத் தொட்டதுமே என் பேரு தானா வந்து நிக்கணும்.”

“அப்படிச் செஞ்சா, பாஷா, ஒரு சிக்கல்…”

“உத்தரவு மேசையில இருக்கு.”

நெர்மீன் செய்தாள். இயந்திரம் சொன்னதற்கு மேலேயே செய்தது. பழைய மனுக்களில் காலியாக விட்டிருந்த கட்டங்களிலெல்லாம் அவர் பெயரைப் போட்டு நிரப்பிவிட்டது. சுவர்த்திரையில் மேலிருந்து கீழ்வரை இஸ்மத் அல்-கர்நூபி, இஸ்மத் அல்-கர்நூபி.

அவள் பதறிப்போனாள். “தப்பாயிடுச்சு பாஷா! ஒரு நிமிஷம், அழிச்சிடறேன்.”

“அழிச்சுத்தான் பாரு!” கர்நூபி பூரித்துப்போய்ச் சுவர்த்திரையை அண்ணாந்து பார்த்தார். “யா ஸலாம், என்ன அழகு! மேல என்ன அந்தத் தலைப்பு வரிசை, இடத்த அடைச்சிக்கிட்டு? அதையும் எடு. என் பேரு இன்னும் ஒரு வரி வரும்.”

“பாஷா, அந்தத் தலைப்புல என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவ…”

“எடுன்னு சொன்னேன்!”

எடுத்தாள். அவர் அங்கேயே நின்றபடி உத்தரவை வரவழைத்துக் கையெழுத்துப் போட்டார். எல்லாப் பட்டங்களோடும் போட்டதால் கையெழுத்து ஓரத்தைத் தாண்டி மறுபக்கத்துக்குப் போனது. நெர்மீன் அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். அதற்குப் பிறகு அவள் எதையும் எடுத்துச் சொல்ல முயலவில்லை.

மறுநாள் ஆளுநர் வந்தார், ரிப்பன் வெட்டினார், கைதட்டல் எழுந்தது. பொதுமக்கள் தரப்பில் ஒருவர் திரையைத் தொட வேண்டும் என்பது ஏற்பாடு. காலிப் பிளாஸ்டிக் கேனோடு வரிசையில் நின்றிருந்த ஹஜ்ஜா பஹீஜா என்ற மூதாட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தினார்கள். அவர் விரல் பட்டதும் கர்நூபி திரையை நிறைத்தார். சுவரில் இன்னொரு கர்நூபி கூடினார்.

ஆளுநர் சுவரை ஏறிட்டுப் பார்த்தார். “என்ன டாக்டர், எல்லா வரியிலயும் உங்க பேரா இருக்கு?”

கர்நூபி நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். “மக்களோட அன்பு, ஆளுநர் அவர்களே. நான் எதுவும் கேக்கல. அவங்களாவே குடுத்தது.”

ஹஜ்ஜா கேனை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார்.

“போன வாரம் இங்க ஓரத்துல எழுதியிருந்துச்சே மகனே, ‘யார் மேல் புகார்?’னு. இவர் பேரு அன்னிக்கு வெறும் மூணு புள்ளியா இருந்துச்சு, அதனால நான் ஹானியத்தான் அமுக்கிட்டுப் போனேன்.”