இருந்துகொண்டு செய்கிற வேலை

கார்ல்ஸ்ரூஹேயில் இருக்கும் அன்புக்குரிய பிளோறன்ஸ் பெரியம்மா அறிய, உங்கள் தங்கை மகள் டெல்சி எழுதுவது.

நாங்கள் எல்லோரும் சுகம். இந்த வரியைக் காணாவிட்டால் மிச்சத்தைப் படிக்காமலே அழத் தொடங்குவீர்கள் என்பதால் முதலில் எழுதிவிட்டேன். உங்கள் முழங்கால் நோவு குறைய மாதாவை மன்றாடுகிறேன். தொலைபேசியில் உங்களோடு கதைக்கும்போது எனக்கு 'ஓம் பெரியம்மா' என்பதைத் தவிர வேறொன்றும் வாயில் வருவதில்லை. அதனால் இதை எழுதி, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். கேட்பது ஒன்றே ஒன்றுதான். இதைப் படித்தவுடன் ஜெசிந்தன் அண்ணாவுக்குத் தொலைபேசி எடுத்து, இன்றைக்கு இரண்டாவது பந்தயத் திடலில் குதிரை ஓட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் மகன் உங்கள் சொல்லுக்கு மட்டும்தான் நிற்பார்.

போன கிழமை நீங்கள் கேட்டது நினைவிருக்கிறது. "குதிரைக்கு மேல ஏறி ஓடினாலும் பரவாயில்லை, அவன் பின்னால வண்டியில இருந்துகொண்டெல்லோ ஓட்டுறான். நான் இருபது வருஷம் பிஸ்கட் கொம்பனியில நிண்டு வேலை செய்தனான். இருக்கிறவனுக்கு என்னடி களைப்பு?" அப்போதும் 'ஓம் பெரியம்மா' என்றுதான் சொன்னேன். சரியான பதில் இதுதான்: அண்ணா இருப்பது இரண்டு சில்லுகளுக்கு நடுவில் ஒரு சின்ன இருக்கையில், கால் இரண்டையும் முன்னால் நீட்டிக்கொண்டு, மூக்குக்கு நேரே குதிரையின் வால், அது உதைக்கிற மண் முழுக்க வாய்க்குள். ஒரு ஓட்டம் முடிந்தால் குதிரையைக் குளிப்பாட்டி, போர்வை போர்த்தி, கழுத்தில் தட்டிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அண்ணாவோ ஒரு குதிரையை விட்டு அடுத்த குதிரையின் வண்டிக்கு மாறி, அங்கே எல்லாம் முடிந்ததும் முகம்கூடக் கழுவாமல் ஓட்டோபான் நெடுஞ்சாலையில் அடுத்த ஊர்த் திடலுக்குப் பறந்து, அங்கேயும் அதையே செய்கிறார். அவருக்குப் போர்வை போர்த்த ஒருவரும் இல்லை.

அப்படிப் பறந்த ஒரு ஞாயிறு, கோடை காலத்தில், கார் ஓட்டும்போதே கண் சொருகி, இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, திடுக்கிட்டுப் பார்த்தால் முன்னால் ஊன்ட்றொப் என்ற ஊர்ப் பலகை. அன்றைக்குப் பார்த்து அங்குள்ள நம் தமிழ்க் கோயிலில் அம்பாளுக்குத் தேர். கார் முன்னுக்கும் போக ஏலாது, பின்னுக்கும் வர ஏலாது. பச்சையும் மஞ்சளுமான பந்தய உடுப்போடு, தலை முதல் கால் வரை புழுதியோடு, இறங்கிப் புல்லில் இருந்தவர் அப்படியே நித்திரையாகிவிட்டார். சுந்தரேஸ்வரி என்று ஒரு அக்கா, வீதி முழுக்க உருண்டு வந்த பக்தர் என்று நினைத்து, தட்டி எழுப்பி மோர் கொடுத்து, "என்ன நேர்த்தி தம்பி, பிரதட்டை அடிச்சனீரோ?" என்று கேட்டிருக்கிறார். "இல்லை அக்கா, நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறனான். குதிரை ஓட்டுறனான்." "அதுக்கென்ன, இன்னொரு மோர் குடியும்."

அதற்குப் பிறகுதான் எங்கள் அப்பா, "டெல்சி படிச்சு முடிச்சிட்டாள்தானே, வேலை கிடைக்கும்வரைக்கும் அவள் காரை ஓட்டட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார். நம் குடும்பத்தின் முதல் பட்டதாரி இப்போது ஞாயிற்றுக்கிழமைச் சாரதி. காரை நான் பார்த்துக்கொள்வேன், குதிரையை என்ன செய்வது? இன்று காலைத் திடலில், ஓட்டத்துக்கு முன் குதிரைகளை மெல்ல ஓடவிட்டு உடம்பைச் சூடாக்கும் நேரம், வேலியோரம் நின்று பார்க்கிறேன், அண்ணாவின் தலை நெஞ்சில் கிடக்கிறது. கையில் கடிவாள வார் தளர்ந்துவிட்டது. குதிரை தன்பாட்டில் எதிரே வரும் வண்டியை நோக்கிப் போகிறது. பட்டமளிப்பில் என் பெயரைக் கூப்பிட்டபோதுகூட வாய்க்குள்ளேயே நன்றி சொன்னவள் நான். கத்தினேன் பெரியம்மா. சின்ன வயதிலிருந்து நீங்கள் திருத்தித் தந்த மரியாதை எல்லாம் பறந்துபோய், 'பொறுங்கோ அண்ணா' என்று வர வேண்டியது வெறும் "பொறு!" என்று வந்துவிட்டது. இங்கே குதிரையை நிறுத்த 'ப்ர்ர்' என்பார்கள்; என் 'பொறு' அவற்றின் காதில் அப்படித்தான் விழுந்திருக்க வேண்டும். அண்ணாவின் குதிரை நின்றது. எதிரே வந்ததும் நின்றது. அதற்குப் பின்னால் வந்ததும் நின்றது. அண்ணா கடைசியாகத்தான் விழித்தார்.

"ஆரடி கத்தினது? நீயோ?"

"ஓம்."

"எனக்கோ பொறு எண்டனீ?"

"குதிரைக்கு அண்ணா."

"நான் நித்திரை கொள்ளேல்லை. கண்ணுக்குள்ள மண்."

கண்ணுக்குள் மண் விழுந்தவர் இப்போது இரண்டாவது திடலின் கார் நிறுத்துமிடத்தில், எனக்குப் பக்கத்து இருக்கையில், வாயைத் திறந்தபடி குறட்டை விடுகிறார். எழுப்பச் சொன்ன நேரம் வந்துகொண்டிருக்கிறது. எழுப்பினால் போய்விடுவார். இங்குள்ள குதிரைகளுக்கு என் தமிழ் விளங்குமோ தெரியாது. தயவுசெய்து உடனே எடுங்கள்.

உங்களையும் பெரியப்பாவையும் மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உங்கள் பெறாமகள்
டெல்சி

பி.கு.: தொலைபேசி எடுக்க வேண்டாம் பெரியம்மா. மணி அடித்தால் எழும்பிவிடுவார். இந்தக் கடிதத்தைப் படம் பிடிக்குமுன் நானே திடல் அலுவலகத்துக்குப் போய், ஜெசிந்தனுக்கு இன்று ஏலாது என்று, ஒத்திகை பார்க்காத ஜேர்மனில் சொல்லிவிட்டேன். அவருடைய குதிரைகளை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். வரும்போது ஒரு குதிரைப் போர்வை கேட்டு வாங்கிவந்து அண்ணாவுக்குப் போர்த்தியிருக்கிறேன். விழித்துக் காரை விட்டுப் பாயப் பார்த்தால் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியும். மரியாதை பார்க்க மாட்டேன்.