ஏணியிலிருந்து இறங்கிய மைத்துனர்

ஆரப்பாளையம், மதுரை

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய சம்பந்தி அழகுபாண்டி அவர்களுக்கு முத்திருளன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் செல்லக்கிளியும் சுகம். அங்கு தாங்களும், சம்பந்தியம்மா சீனியம்மாளும், தங்கள் பொறுப்பில் இருக்கும் எங்கள் மகள் ரோகிணியும், அவள் வயிற்றில் இருக்கும் நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான பேரப்பிள்ளையும் சுகமாக இருக்க அழகர் துணை நிற்பாராக. கொட்டாம்பட்டிப் பக்கம் மழை இறங்கியதா? இங்கே தூறலோடு சரி.

போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறாரே, இவர் வீட்டில் போனுக்குச் சார்ஜ் ஏற்றக்கூடக் கரண்ட் இல்லையோ என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். முக்கியமான விஷயத்தை எழுதித்தான் பழக்கம். தங்கள் தங்கை மகன் போன வாரம் எங்கள் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, வீடு இருட்டுக் கிடங்காகக் கிடக்கிறது, சுவரெல்லாம் வெட்டிப் போட்டிருக்கிறது, இந்த வீட்டுக்குப் பிள்ளைத்தாய்ச்சியை அனுப்ப முடியாது என்று தங்களிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். தம்பி பொய் சொல்லவில்லை. அவர் வந்தது பொருத்தமில்லாத நாள், அவ்வளவுதான்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணை அழைத்துவருவதாகத்தான் இருந்தோம். தாங்கள் பந்தியில் வைத்து, "சம்பந்தி வீட்டு வயரிங் பழசப்பா. அத மாத்தி, ரூமுக்கு ஒரு ஏசியும் போடட்டும், பிள்ளைய அனுப்புறேன். இல்லையா, பிரசவத்த நாங்களே பாத்துக்கிருவோம்" என்று சொன்னீர்கள். தாங்கள் அப்படிச் சொன்னதில் நியாயம் உண்டு. மறுவீட்டு விருந்துக்கு வந்தபோது எங்கள் பிரிட்ஜைத் திறக்கப் போய் தங்கள் கையில் சற்று விறுவிறுப்பு ஏற்பட்டது. நாங்கள் அதைத் துண்டால் பிடித்துத்தான் திறப்போம். அதை முன்கூட்டியே தங்களுக்குச் சொல்லாதது எங்கள் பிழை. ஆனால் தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீடு வராமல் போனால் தெருவில் தலைகாட்ட முடியாது என்கிறாள் செல்லக்கிளி. எனக்குத் தெருவைப் பற்றிக் கவலை இல்லை. எனக்கு என் பிள்ளையைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

ஆகவே ஊர் திரும்பியதுமே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் விருமாண்டி என்ற எலக்ட்ரீசியனைக் கூட்டிவந்தேன். நல்ல வேலைக்காரர் என்று டீக்கடையில் சொன்னார்கள். வந்தார், மெயின் போர்டைத் திறந்தார், எல்லா எலக்ட்ரீசியன்களும் கேட்பதைத் தானும் கேட்டார்: "யாருண்ணே இந்த வயரிங்கப் பண்ணுனது?" துக்க வீட்டில் விசாரிக்கிற குரலில் கேட்டார். எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. ஏணியைப் போட்டு ஏறினார். அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. சும்மா இருக்காமல், "தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"அலங்காநல்லூர் பக்கம்ணே" என்றார். சமையல்கட்டில் இருந்த செல்லக்கிளி கரண்டியோடு வெளியே வந்தாள். அது அவள் பிறந்த ஊர்ப் பக்கம் என்பது தங்களுக்குத் தெரியும். யார் மகன், எந்தத் தெரு, அப்பன்கூடப் பிறந்தவர்கள் எம்புட்டுப் பேர் என்று கீழே நின்று இவள் கேட்கக் கேட்க, அவர் மேலே நின்று வயரைப் பிடித்தபடி பதில் சொன்னார். கடைசியில், "குலசாமி எது?" என்று கேட்டாள். சொன்னார். "அடி ஆத்தி, அது எங்க சாமில்ல! நீ எனக்குத் தம்பி மொறையாகுதப்பா" என்று இவள் கரண்டி பிடித்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏணியில் ஏறும்போது எலக்ட்ரீசியனாக ஏறிய மனிதர் இறங்கும்போது என் மைத்துனராக இறங்கினார். என்னை அண்ணே என்று கூப்பிடுவதும் அத்தோடு நின்று, மாமா ஆகிவிட்டேன்.

சம்பந்தி, எலக்ட்ரீசியனிடம் ஏன் வரவில்லை என்று கேட்கலாம். மைத்துனரிடம் அப்படிக் கேட்டால் பெண்டாட்டி அழுவாள். எலக்ட்ரீசியனுக்கு டீ வாங்கிக் கொடுத்தால் போதும். தம்பி வந்தால் செல்லக்கிளி கறி எடுத்துவரச் சொல்கிறாள். கறிச்சோறு உண்ட மனிதர் கொஞ்சம் கண் அசரத்தான் செய்வார். அவர் அசரும்போது மேலே பேன் ஓட வேண்டும். பேன் ஓட வேண்டுமானால் மெயினை அணைக்கக் கூடாது. மெயினை அணைக்காமல் வயரிங் வேலை பார்க்க முடியாது. இதில் யாரைக் குறை சொல்வது என்று நானும் பலவாறு யோசித்துப் பார்த்துவிட்டேன். இப்படியே கொஞ்ச நாள் போனது. ஆனாலும் அவர் சோம்பேறி இல்லை. இடையிடையே எழுந்து, பழைய வயர்களைக் கழற்றிவிட்டு, பைப் பதிப்பதற்காக எல்லாச் சுவர்களையும் வெட்டி முடித்துவிட்டார்.

சுவர் வெட்டி முடிந்த நேரத்தில் அவர்கள் ஊரில் சாமி கும்பிடு வந்தது. மைத்துனருக்கு சீரியல் லைட் போடுகிற தொழிலும் உண்டு. திருவிழா என்றால் வீட்டு வேலை எல்லாம் நின்றுவிடும் என்பது எல்லா ஊர் எலக்ட்ரீசியனுக்கும் பொது விதி. அதுவும் போகட்டும் என்றால், நம் வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த வயர்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு, "கோயில் வாசல்ல போடுற லைட்டு வளைவுக்கு வயரு பத்தல மாமா. சாமிக்குத்தான, கும்பிடு முடியவும் கழட்டிக் கொண்டாந்துர்றேன்" என்றார். நான் வாய் திறப்பதற்குள், "நம்ம சாமிக்கு இல்லாததா, கொண்டு போப்பா" என்று செல்லக்கிளி உத்தரவு கொடுத்துவிட்டாள். இப்படியாக, தங்கள் மருமகளின் அறைக்கு வாங்கிய வயர் முழுவதும் சாமிக்கு வெளிச்சம் கொடுக்கப் போனது. நாங்களும் கும்பிடப் போயிருந்தோம். வளைவு மிக நன்றாக இருந்தது. மயிலும் தாமரையும் மாறி மாறி எரிந்தன. வயர் கொடுத்தவர் என்று மைக்கில் என் பெயரையும் சொன்னார்கள். உண்மையைச் சொன்னால் அப்போது எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டுக்கு வந்து மெழுகுவர்த்தியைத் தேடும்போதுதான் வந்தது.

அந்தக் கோபத்தில், செல்லக்கிளி கோயிலுக்குப் போயிருந்த வேளை பார்த்து, தவ்பீக் என்ற இன்னொரு எலக்ட்ரீசியனை அழைத்துவந்தேன். அவரும் போர்டைப் பார்த்தார், அதே துக்கக் குரலில், "யாருண்ணே இந்த வயரிங்கப் பண்ணுனது?" என்று கேட்டார். எனக்குத் தெம்பு வந்தது. ஆனால் அவர், "ஒருத்தர் பாதியில விட்ட வேலையில இன்னொருத்தர் கை வைக்கக் கூடாதுண்ணே. எங்க தொழில்ல அது மொற இல்ல. அவரே வந்து முடிக்கட்டும்" என்று டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். டீயை மட்டும் குடித்துவிட்டுப் போனார். அவர் வந்து போனதை யாரோ மைத்துனரிடம் சொல்லிவிட, அவர் மனம் வருந்தி வராமல் இருக்க, அக்காவும் சாப்பிடாமல் இருக்க, கடைசியில் நான்தான் அவர் கடைக்குப் போய், "கோவிச்சுக்கிறாத மாப்ள, வா" என்று சமாதானம் செய்து கூட்டிவந்தேன். சொந்த மைத்துனர்கள் என்று எனக்கு ஏற்கனவே உண்டு. அவர்கள் யாரையும் இவ்வளவு கெஞ்சியதில்லை.

திரும்பி வந்தவர் ரோஷத்தோடு வேலை பார்த்தார். சாமிக்குப் போன வயரையும் கொண்டுவந்து எல்லா அறைக்கும் இழுத்துவிட்டார். ஏசியையும் சுவரில் மாட்டிவிட்டார். கனெக்‌ஷன் கொடுத்ததில் மட்டும் சிறு சிறு இடமாற்றங்கள் ஏற்பட்டன. ஏசி சுவிட்சைப் போட்டால் வாசலில் காலிங் பெல் அடித்தது. நான் போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வருவேன். ஹால் லைட்டைப் போட்டால் மொட்டைமாடி லைட் எரிந்தது. தங்கள் தங்கை மகன் வந்தது இந்தக் கட்டத்தில்தான். தம்பி வாசலில் பெல்லை அழுத்தியிருக்கிறார். உள்ளே மிக்ஸி ஓடிவிட்டது. மூடி போடாமல் சட்னிக்குத் தேங்காய் போட்டு வைத்திருந்த செல்லக்கிளி அலறிய அலறலில் மைத்துனர் ஓடிப்போய் மெயினை இறக்கிவிட்டார். அதனால்தான் வீடு இருட்டாக இருந்தது. தம்பியை வரவேற்கச் செல்லக்கிளி வெளியே வந்தபோது அவள் தலையிலும் முகத்திலும் இருந்தது தேங்காய். அதை அவர் வேறு விதமாக விவரித்ததாக அறிகிறேன். அவர் கை நனைக்காமல் போனதில் எங்களுக்கு வருத்தம்தான்.

இப்போது அந்தக் குறைகள் யாவும் தீர்ந்துவிட்டன என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். பெல் அடித்தால் பெல் மட்டுமே அடிக்கும். பிரிட்ஜைத் துண்டு இல்லாமல் திறக்கலாம் என்று மைத்துனர் உறுதி கூறியிருக்கிறார். நாங்கள் பழக்கதோஷத்தில் இன்னும் துண்டைத்தான் பயன்படுத்துகிறோம். ஏசி ஓடுகிறது. அதாவது, ஓடும் நிலையில் இருக்கிறது. ஏதோ ஒரு சாமான் மட்டும் பாக்கியாம். காலையில் என்னைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஒரு சாமான் வாங்க வேண்டியிருக்கு மாமா, போயிட்டு வாரேன்" என்று கிளம்பிப் போயிருக்கிறார். அவர் வந்து அதை மாட்டிய மறுநொடி எங்கள் வீடு, பெரிய ஆஸ்பத்திரி அறை எப்படியோ அப்படி ஆகிவிடும்.

சம்பந்தி, தாங்கள் பெரிய மனது பண்ண வேண்டும். ரோகிணி நேற்று எங்கள் பக்கத்து வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டுப் பேசினாள். "ஏசி எதுக்குப்பா, எனக்கு அங்க வந்து படுத்தாப் போதும்" என்றாள். பிறகு பேச்சை மாற்றி, அம்மா என்ன குழம்பு வைத்தாள் என்று கேட்டாள். அவள் அழுகையை அடக்கினால் குழம்பைப் பற்றித்தான் கேட்பாள் என்பது எனக்குத் தெரியும். அடக்க முடியாமல் நான்தான் போனைச் செல்லக்கிளியிடம் கொடுத்துவிட்டேன். வரும் புதன்கிழமை நாள் நன்றாக இருக்கிறது. அன்று கார் கொண்டுவருகிறோம். எங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லை என்ற என் சொல்லை நம்பி, பிள்ளையை எங்களோடு அனுப்பிவைக்க வேண்டும்.

சீனியம்மாளுக்கு செல்லக்கிளியின் அன்பைச் சொல்லவும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள். ரோகிணியை இடது பக்கமாகவே படுக்கச் சொல்லவும். பிறக்கப்போகும் குழந்தை தீர்க்காயுளோடும், நம் இரு குடும்பங்களும் ஒற்றுமையோடும், பாதுகாப்பான மின் இணைப்புகளோடும் நீடு வாழ வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
முத்திருளன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் இடும்போது பக்கத்து வீட்டுப் போனுக்கு மைத்துனர் விருமாண்டி கூப்பிட்டார். கடையிலிருந்து என்று நினைத்தேன். "கொட்டாம்பட்டியில சம்பந்தி வீட்டுல இருந்து பேசுறேன் மாமா" என்றார். தாய்மாமன் நேரில் போய் அழைப்பதுதான் முறை என்று தானாகவே பஸ் ஏறி வந்தாராம். தாங்கள் இலை போட்டு விருந்து வைத்தீர்களாம். பிள்ளையை அனுப்ப முடியாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தீர்களாம். சாப்பிட்டு எழுந்தவர், தங்கள் வீட்டு மெயின் போர்டு ஆபத்தான நிலையில் இருப்பதாகச் சொல்லி மொத்தமாகக் கழற்றி வைத்துவிட்டாராம். "பிள்ளத்தாச்சிய இந்த வெக்கையில எப்பிடி வச்சிருக்கது" என்று சம்பந்தியம்மாவே சத்தம் போட்டு, ரோகிணியைக் காரில் ஏற்றித் தானும் கூட வருகிறாராம். மேலூர் தாண்டிவிட்டார்களாம். தங்கள் போர்டில் அப்படி என்ன கோளாறு என்று கேட்டேன்.  மைத்துனர் குரலைத் தாழ்த்தி, "கோளாறுன்னு ஒண்ணும் இல்ல மாமா. ஒங்க வாடுன மொகத்தத்தான் பாக்க முடியல" என்றார். இதைத் தங்களுக்கு எழுதக் கூடாதுதான். எழுதிவிட்டேன், தபால்காரன் எழுதியதை அடித்து அனுப்புவதில்லை. இனி மேலே உள்ளவற்றைத் தாங்கள் படிக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் போன வாரத்திலிருந்தே கரண்ட் கிடையாது. செல்லக்கிளி எல்லா ஜன்னல்களையும் திறந்துவைத்துவிட்டு வாசலில் நிற்கிறாள். இரண்டு வீட்டிலும் கரண்ட் இல்லை என்று ஆனபின், பெண் தாய்வீட்டில் இருப்பதுதானே முறை. மைத்துனரை நாங்கள் அவசரப்படுத்த மாட்டோம். பிரசவம் முடியும் வரைக்கும் அங்கேயே இருந்து ஆற அமர வேலையைப் பார்க்கட்டும். மதியத்துக்கு மட்டும் கறி எடுத்துவிடுங்கள்.